மிலாறு அடுப்புக்கா, மண்ணுக்கா?

பாத்தி மேல கறுப்புப் பொலித்தீனை விரிச்சு, ஓட்டை போட்டு மிளகாய் நடுற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. களை வராது, ஈரம் காயாது. ஆனால் அறுவடைக்குப் பிறகு அந்தப் பொலித்தீன் துண்டு துண்டாகக் கிழிந்து மண்ணிலேயே தங்கிவிடும். அதனால்தான் மரத்தூள், மரச்சீவல், மரக்கூழ்த் தாள் என்று மக்கிப்போகும் மூடாக்கைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். விசயம் புதுசு இல்லை. பிளாஸ்டிக் வருவதற்கு முன்பே, 1920களில், ஹவாய் அன்னாசித் தோட்டங்களில் தார் பூசிய தாளைத்தான் விரித்தார்கள்.

சப்ரகமுவ தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு மர மூடாக்கு என்றால் முதலில் ஞாபகம் வருவது மிலாறுதான். கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் குச்சி.

இரத்தினபுரியில் வருசத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கவ்வாத்து முடிந்த மலை மொட்டையாக நிற்கும். அந்த நேரம் பெய்கிற மழை, மேல்மண்ணைச் சரிவோடு இழுத்துக்கொண்டு போய் ஆற்றில் சேர்க்கும். இலையும் குச்சியும் அங்கேயே கிடந்தால் மழையின் அடி மண்ணில் விழாது, களை குறையும், செடி எடுத்த சத்தும் மக்கி மண்ணுக்கே திரும்பும். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்வதும் இதைத்தான்: கவ்வாத்துக் கழிவை மலையிலேயே விடுங்கள்.

சரிதான். ஆனா லயத்துல அடுப்பு எதுல எரியுது? 2022இல் நாடே கேஸுக்கு வரிசையில் நின்றது. எங்கள் வீடுகளில் அதற்கு முன்னாலும் விறகுதான், பிறகும் விறகுதான். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு மிலாறுக் கட்டைத் தலையில் தூக்கி வருகிற அம்மாவிடம் போய், "அதை மண்ணுக்கு விடுங்கம்மா" என்று எந்த வாயால் சொல்வது?

மண்ணையும் அடுப்பையும் சண்டைக்கு விடாத வழி இருக்கு. இலையும் விரல் மொத்தத்துக்குக் குறைந்த குச்சியும் மலைக்கு, தடிச்ச குச்சி வீட்டுக்கு. ஓரங்களில் கிளிரிசிடியா நடலாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம். இலையில் தழைச்சத்து அதிகம், கொப்பு நல்லா எரியும். ஆலை மரத்தூள் கிடைத்தால் மண்ணோடு கலக்காமல் மேலாகப் போட வேண்டும். கலந்தால், மக்கும்வரை மண்ணின் தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். எதைப் போட்டாலும் தண்டைத் தொடாமல் கொஞ்சம் தள்ளிப் போடணும், இல்லாட்டி அழுகிடும்.

ஆனால் கொப்பு வெட்டுவதும் பரப்புவதும் வேலை. அதற்குப் பேர் போடாமல், கொழுந்து பறித்து முடிந்த பெண்கள் தலையிலேயே அதையும் கட்டினால், அது இன்னொரு இலவச உழைப்பு. பொலித்தீனுக்கு மாற்று தேடும் திட்டம் எதுவானாலும் நாங்கள் முதலில் கேட்கப்போவது இரண்டு கேள்வி: இந்த வேலைக்குச் சம்பளம் உண்டா? இன்றைக்குச் சோறு எதில் வேகும்?