வேகமும் வரம்பும்

நம் வீட்டுக்குக் கணிப்பொறி வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரில், கரிசல் காட்டைப் பார்த்த ஒரு சிறிய அறையில் அது இருக்கிறது. எழுதவும் படிக்கவும் வாங்கிய அதனைப் பின்னர் வேறொரு பணிக்கும் பயன்படுத்தத் தொடங்கினோம். அண்டையூர் ஜமாஅத் ஒன்றின் பழைய நிக்காஹ் பதிவேடுகளைப் படமெடுத்துப் பாதுகாக்கும் பணி அது. மணமக்களின் பெயர்கள், மஹர் தொகை, சாட்சிகளின் கையொப்பங்கள் எல்லாம் மை மங்கிய எழுத்துகளில் இருந்தன. தாள்களோ தொட்டால் உதிர்ந்தன. நம்மை நம்பி ஒப்படைத்தார்கள். நாமும் பெருமிதத்தோடு ஏற்றுக்கொண்டோம்.

படங்கள் நூற்றுக்கணக்கில் சேரச் சேரப் பொறி திணறியது. ஒரு படத்தைத் திறந்து, நேராக்கி, வெளிச்சம் திருத்துவதற்குள் பொறுமை போய்விடும். இங்குள்ள பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியில் பயிலும் நம் மருமகனிடம் குறைபட்டுக்கொண்டோம். அவன் பொறியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மாமா, ராம் ஒன்றுதான் கிடக்கிறது. ஜோடியாக மாற்றி, ஓவர்கிளாக்கும் செய்துவிட்டால் பறக்கும்” என்றான்.

ராம் என்பது கணிப்பொறியின் நினைவகம். ஓவர்கிளாக் என்பது, குறித்த வேகத்திற்கு மேலே அதனை ஓடச் செய்வது. குறித்த வேகம் எது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நம் பொறியில் மூன்று எண்கள் இருந்தன. பிராசசர் 2019இல் வெளிவந்த ரைசன் 3 3200ஜி. நினைவகத்தோடு 2933 வரை உறவாடலாம் என்பது அதற்கு அதன் தயாரிப்பாளர் தந்த உறுதி. அதாவது, வினாடிக்கு ஏறத்தாழ 293 கோடித் தடவை தரவு கைமாறலாம். புதிதாக வாங்கிய ராம் ஜோடியின் மேல் 3200 என்றிருந்தது. மதர்போர்டின் அட்டைப்பெட்டியோ 3466 வரை போகலாம் என்று ஆசை காட்டியது.

மூன்றில் எதை நம்புவது? இன்று அதற்குரிய விடை தெரியும். மூன்றில் சிறியது எதுவோ, அதற்கு மட்டுமே எல்லாரும் பொறுப்பேற்கிறார்கள். ராமின் மேல் அச்சிட்ட எண் அந்த ராமைப் பற்றியது மட்டுமே. 2007இல் இன்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி என்னும் ஏற்பாட்டின்படி, அந்த வேகமும் அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் ராமிலேயே பதிந்திருக்கும். டிடிஆர்4 நினைவகத்திற்குப் பொதுவான அழுத்தம் 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி பெரும்பாலும் 1.35 கேட்கும். பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி அதற்கு இசையுமா என்பது வேறு கேள்வி. நண்பர் ஒருவரிடம் எச்410 வகைப் போர்டும் ஐ3 10100 பிராசசரும் உள்ளன. அவர் 3200 ராம் வாங்கிப் போட்டார். பொறி 2666க்கு மேல் அசைய மறுத்துவிட்டது. அந்தப் போர்டு வரம்பைக் கடக்க விடுவதே இல்லை. அவருக்கு அப்போது வருத்தம். இப்போது நினைத்தால், அவர் கொடுத்துவைத்தவர் என்றே தோன்றுகிறது.

நம் போர்டு விட்டுவிட்டது. மருமகன் மார்கழி இரவொன்றில் அமர்ந்து, 3200இல் தொடங்கி 3466 வரை ஏற்றினான். அழுத்தத்தையும் 1.4 வோல்ட்டாக உயர்த்தினான். இரண்டு முறை திரை இருண்டு பொறி எழ மறுத்தது. போர்டிலுள்ள பொத்தான் மின்கலத்தைக் கழற்றி மாட்டி, பழைய அமைப்புக்கு மீட்டான். மூன்றாம் முறை எழுந்தது. விடியும்வரை சோதனை நிரலை ஓடவிட்டோம். ஒரு பிழையும் இல்லை. மறுநாள் படங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தபோது, மருமகனின் தோளைத் தட்டிக் கொடுத்தோம்.

பிழை சித்திரையில் வந்தது. நண்பகல் வெயிலில் ஓட்டுக்கூரை கொதிக்க, மின்விசிறி அனற்காற்றை வீசிக்கொண்டிருந்த வேளை. கருவியிலிருந்து அன்றைய படங்களைப் பொறிக்கு மாற்றினோம். கருவியில் இடம் வேண்டுமென்று அங்கிருந்தவற்றை அழித்தோம். மாலையில் திறந்து பார்த்தால், மூன்று படங்கள் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். இரண்டு தாள்களை மீண்டும் எடுத்துவிட்டோம். மூன்றாவது, படமெடுக்கும்போதே மடிப்பில் நொறுங்கிக் கீழ்ப்பாதி துகளாகிப் போன தாள். அதில் இரண்டு திருமணங்கள் பதிவாகியிருந்தன. மேலே உள்ளது இருக்கிறது. கீழே உள்ளவர்கள் யார், மஹர் எவ்வளவு, சாட்சி நின்றவர் எவர் என்பதை இனி எவராலும் படிக்க முடியாது.

ஏன் நேர்ந்தது என்று பிறகு தேடிப் படித்தோம். நினைவகத்தின் ஒவ்வொரு அறையும் கடுகினும் நுண்ணிய ஒரு மின்தேக்கி. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்ற 1968 முதல் இன்றுவரை அடிப்படை அதுவே. அதில் ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். எனவே 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை எல்லா அறைகளையும் படித்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். சில்லின் வெப்பம் 85 பாகையைத் தாண்டினால் அந்தக் கெடுவைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்பது விதி. வெப்பம் ஏறினால் கசிவும் ஏறும். வேகத்தைக் கூட்டினாலோ படிக்கவும் எழுதவும் கிடைக்கும் கால இடைவெளி சுருங்கும். மார்கழி இரவில் தேறிய பொறி சித்திரை நண்பகலில் தவறியதில் வியப்பில்லை. நாம் சோதித்தது ஒரு பருவத்தை மட்டுமே.

தவறு எத்துணைச் சிறிது என்பதுதான் அச்சமூட்டுகிறது. யூனிகோடு முறையில் ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் இடையே ஒரேயொரு பிட் வேறுபாடுதான். அது புரண்டால் ‘பணம்’ ‘மணம்’ ஆகிவிடும். பொறி நிற்காது, எச்சரிக்காது. பெரிய சேமிப்பு நிலையங்களில் இத்தகைய பிழையைக் கண்டு திருத்தும் ஈசிசி நினைவகம் உண்டு. நம் வீட்டுப் பொறியில் அது இல்லை. சாம்பல் நிறமாவது கண்ணில் பட்டது. கண்ணில் படாதவை எத்தனையோ என்று, அந்த நாலு மாதப் படங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் மீண்டும் பார்த்தோம்.

அப்படி இழந்து அடைந்தது என்ன? ராமை 2933க்கு இறக்கியபோது விடை கிடைத்தது. வேறுபாடே தெரியவில்லை. வேகம் வந்தது ஓவர்கிளாக்கினால் அன்று. ஒற்றை ராம் ஜோடியானதால். ஒன்று இருந்தபோது வினாடிக்கு 23 கிகாபைட் செல்ல இருந்த வழி, இரண்டானதும் 46 ஆயிற்று. 3466க்கு ஏற்றியதில் கூடியது எட்டே எட்டு. வேக எண் மட்டும் பெரிதானால் காத்திருக்கும் நேரம் குறைந்துவிடுவதுமில்லை. 3200 வேகத்தில் 16 துடிப்பு காத்திருப்பதும், 3600 வேகத்தில் 18 துடிப்பு காத்திருப்பதும் ஒன்றே. இரண்டும் 10 நானோ வினாடிதான். கிணற்றில் ஊறுகிற அளவுக்குத்தான் மோட்டார் வைக்க வேண்டுமென்பதை நம் ஊர்ச் சம்சாரி ஒவ்வொருவரும் அறிவார். நாம் மறந்துவிட்டோம்.

வேகத்தை ஏற்றுவதே பிழை என்று சொல்ல வரவில்லை. விளையாட்டுக்கென்றே ஒரு பொறி வைத்து, வரம்பின் விளிம்பைத் தேடுவோர் தேடட்டும். இழப்பு அவர்களோடு முடியும். நம் பொறியில் இருந்ததோ பிறருடைய அமானிதம். அதனைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இருந்ததா?

ஜமாஅத் பெரியவரிடம் நேரில் சென்று சொன்னோம். அவர் நெடுநேரம் அந்தப் பாதிப் படத்தையே பார்த்திருந்தார். பிறகு, “மீதி இருக்கிறதைப் பத்திரமாகப் பாருங்க தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது ராம் 2933இல் ஓடுகிறது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு இடங்களில் வைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்ட பின்னரே கருவியில் இருப்பதை அழிக்கிறோம். அந்தப் பாதிப் படத்தை நீக்கவில்லை. “கீழ்ப்பாதி நம் கவனக்குறைவால் இழக்கப்பட்டது” என்ற குறிப்போடு, அதற்குரிய வரிசையிலேயே அது இருக்கிறது.