‘கவனமா ஓட்டுங்க’ என்றால் என்ன?

காலை நிகழ்ச்சியில் நான் அதிகமுறை சொன்ன வாக்கியம் “வணக்கம்” இல்லை. “கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை, மோட்டார்சைக்கிளில் போகும் நேயர்கள் கவனமா ஓட்டுங்க” என்பதுதான். வானொலியில் சேர்ந்த முதல் மூன்று வருடம், வாரத்துக்கு நான்கு நாளாவது இதைச் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன். கவனமாக ஓட்டுவது என்றால் கை என்ன செய்ய வேண்டும், கண் எங்கே இருக்க வேண்டும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். எனக்கு மோட்டார் ஓட்டவே தெரியாது.

ஆனால் எங்கள் வீடே மோட்டாரில் ஓடிய வீடு. அப்பா கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் தொழிற்சாலைக்கு 26 வருடம் கப்சாயில் போய் வந்தவர். மழைச் சட்டையை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் அவர் கிளம்பும் சத்தம்தான் என் அலாரம். நான் பள்ளியில் படித்தபோது ஒரு நவம்பர் மாலை, கால்சட்டை கிழிந்து முழங்கையில் ரத்தத்தோடு வந்தார். அம்மா பதறிப்போய்க் கேட்டதற்கு “மழை” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

17 வயதில் பி2 லைசென்ஸ் எடுக்கிறேன் என்று நின்றேன். “கார் லைசென்ஸ் எடு பாப்பா. மோட்டார் வேணாம்” என்றார். பெண்பிள்ளை என்பதால்தான் சொல்கிறார் என்று நினைத்து ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அவர் காரணம் சொல்லவில்லை.

மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக்குப் போனபோது கதை மாறியது. மேடும் பள்ளமுமான ஊர். படித்துக்கொண்டே ஒரு ரொட்டிக்கடையில் பகுதிநேர வேலை. காலை ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு என் தெருவிலிருந்து பஸ் கிடையாது. ஊரை விட்டுப் போன ஒரு தோழி தன் பழைய 125 சிசி வண்டியைக் குறைந்த விலைக்குத் தந்துவிட்டுப் போனாள். அது டிசம்பர் மாதம்.

அந்நாட்டில் புதிதாக ஓட்டுகிறவர்கள் முதலில் சிபிடி என்ற அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். 1990 முதல் இது கட்டாயம். முடித்தால் ஒரு சான்றிதழ். இரண்டு வருடம் செல்லும். அதை வைத்து ‘எல்’ அட்டை மாட்டிக்கொண்டு 125 சிசி வரை ஓட்டலாம். பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, விரைவு நெடுஞ்சாலைப் பக்கம் போகக்கூடாது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நாலு அடுக்குத் துணியோடு பயிற்சித் திடலுக்குப் போனேன். பயிற்சி தருபவர் அறுபது வயது மனிதர். தரையைக் காலணி நுனியால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். “இன்னிக்கு வகுப்பு இல்லை. அடுத்த வாரம் வா” என்றார். வெயில் அடிக்கிறதே என்றேன். தரை இன்னும் உறைந்திருக்கிறது என்றார். அன்று வண்டியைத் தொடாமலே வீடு திரும்பினேன். அது வீணாய்ப் போன நாள் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கு ஓட்ட வேண்டாம் என்று முடிவெடுப்பதும் பாடம்தான் என்று பிறகு புரிந்தது. எத்தனையோ நாள் ரொட்டிக்கடைக்கு ஐம்பது நிமிடம் நடந்தே போயிருக்கிறேன்.

அடுத்த வாரம் வகுப்பு நடந்தது. “இந்தக் குளிரில் எப்படி ஓட்டுவாய்?” என்று கேட்டார். “கவனமாக” என்றேன், வானொலிக் குரலில். அவர் சிரிக்கவில்லை. “அது பதில் இல்லை. என்ன செய்வாய் என்று சொல்” என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். காய்ந்த சாலையில் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். ஈரத்தில் அது இரண்டு மடங்கு. பனிக்கட்டி படர்ந்த சாலையில் வண்டி நிற்கப் பத்து மடங்கு தூரம்கூடப் பிடிக்கலாம். திரும்புவதற்கு முன் கண்ணாடியை மட்டும் நம்பாமல் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கு அங்கே ‘லைஃப்சேவர்’ என்றே பெயர், உயிர் காப்பது. முன் பிரேக்கைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வண்டி நிமிர்ந்து நேராகப் போகும்போது மெல்ல அழுத்தினால் அதிகம் நிறுத்துவது அதுதான். வளைவில் சாய்ந்திருக்கும்போது வெடுக்கென்று பிடித்தால் கீழே தள்ளுவதும் அதுதான்.

குளிர் தனியாகச் சில பாடம் நடத்தியது. விரல் மரத்துப்போனால், மூளை சொல்லியும் கை பிரேக்குக்குப் போகத் தாமதமாகும். அதனால் கையுறைக்குள் இன்னொரு மெல்லிய கையுறை. ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிந்து பார்வை மறையும். பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு உள்பக்கம் தேய்த்துத் துடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு சங்கிலியை அரிக்கும், அதனால் வாரம் ஒருமுறை வண்டியைக் கழுவி எண்ணெய் போட வேண்டும்.

இத்தனையும் தெரிந்தும் பிப்ரவரியில் விழுந்தேன். கடைக்குப் போகும் வழியில் மரநிழல் மூடிய ஓர் இடதுபக்க வளைவு. காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் மூன்று டிகிரி என்று கைப்பேசி காட்டியது; அதை நம்பினேன். காற்றைவிடச் சாலை அதிகம் குளிர்ந்திருக்கும் என்பது நினைவில் இல்லை. தார்ச்சாலை வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. அது ஈரமில்லை, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி. வளைவில் பயந்து முன் பிரேக்கைப் பிடித்தேன். அடுத்த நொடி நான் சாலையில் உட்கார்ந்திருந்தேன், வண்டி எனக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு போனது. வேகம் குறைவு என்பதால் உடைந்தது பக்கக் கண்ணாடி மட்டும். முழங்கை வீங்கிவிட்டது.

அன்று இரவு வீடியோ அழைப்பில் அப்பாவிடம் மறைக்க முயன்றேன். நான் மோட்டார் ஓட்டுவதே அவருக்குத் தெரியாது. ஆனால் கையைத் தூக்க முடியாமல் நான் முகம் சுளித்ததை அம்மா பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுக்குக் காத்திருந்தேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வளைவுல முன் பிரேக்கைப் பிடிச்சியா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“நானும் அதான் பண்ணேன்” என்றார். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில், பாலத்துக்கு அடியில் இறங்கித் திரும்பும் இடம். மழை பிடித்துக் கொஞ்ச நேரம்தான். சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தபோது பிரேக்கைப் பிடித்திருக்கிறார். பின்னால் வந்தவர் சட்டென்று ஒதுங்கியதால் பிழைத்தார். இத்தனை வருடம் கழித்து முதன்முறையாக அதைச் சொன்னார். “எனக்கு யாரும் சொல்லித் தரல பாப்பா. ஏன் விழுந்தேன்னே எனக்குத் தெரியல. தெரியாததை உனக்கு எப்படிச் சொல்லித் தர்றது? அதான் வேணாம்னேன்.”

அவர் என்னைத் தடுத்ததாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்பது அன்றுதான் புரிந்தது. நானும்தான் ஒலிவாங்கிக்கு முன்னால் மூன்று வருடம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

நாடு திரும்பி பி2 லைசென்ஸ் எடுத்தேன். இங்கே பனி இல்லை, மழை இருக்கிறது. பாடம் பெரும்பாலும் ஒன்றுதான். மழை ஆரம்பித்த முதல் சில நிமிடம் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே வரும். அப்போதுதான் அதிகம் வழுக்கும். வெள்ளைக் கோடும் சாக்கடை இரும்பு மூடியும் ஈரத்தில் சோப்பு மாதிரி. மழைக்கு ஒதுங்கினால் மேம்பாலத்துக்கு அடியில் சாலையோரம் நிற்காமல், மோட்டார் ஓட்டிகளுக்கான கூடாரமோ எண்ணெய் நிலையமோ வரும்வரை மெல்லப் போவது நல்லது. மழையில் கண்ணாடி மங்கிப்போன லாரிக்காரருக்கு, பாலத்தடியில் நிற்கும் நாம் தெரியவே மாட்டோம்.

நம் நாட்டில் சாலையில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள்தான். அவர்களில் பலர் வேலைக்குப் போகும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ இருந்திருப்பார்கள். “இன்னிக்கு வேணாம்” என்று வண்டியை நிறுத்திவைக்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. அப்பாவுக்கு 26 வருடமும் இருக்கவில்லை. எனக்கு இருந்தது, அதற்காகத்தான் ஐம்பது நிமிடம் நடக்க முடிந்தது. அதனால் பத்திரமா இருங்க என்று மட்டும் சொல்லி முடிக்க இப்போது மனம் வருவதில்லை.

இப்போது மழை நாளில் பாட்டுக்கு முன் இருபது விநாடி எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். இன்று இடைவெளி, நாளை வெள்ளைக் கோடு. போன மாதம் டயரைப் பற்றிச் சொன்னேன். சக்கரத்தின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குத்தான் இருக்கின்றன, தேய்ந்த டயர் தண்ணீரின் மேல் மிதக்கும் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் பசியாறக் கடைக்குப் போவது இன்னும் அந்தப் பழைய கப்சாயில்தான். வண்டி வாசலில் நின்றது. பின்சக்கரத்தில் புது ரப்பரின் கறுப்பு.

“நீ ரேடியோவுல சொன்னியே” என்றார். “முன்னாடியும் தேஞ்சிருக்கு. அடுத்த மாசம் மாத்தலாம்னு இருக்கேன்.”

“இந்த மாசமே மாத்துங்கப்பா” என்றேன். வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

அவர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, மழைச் சட்டையை எடுக்க உள்ளே போனார்.