ஊர்காவற்றுறையில் ஓர் எனாமல் கோப்பை

காரைநகரிலிருந்து பாதைப் படகிலேறி ஊர்காவற்றுறைக்குச் சென்றேன். கடல் நடுவே ஒல்லாந்தர் காலக் கோட்டை கண்ணைக் கவர்ந்தது. நான் தேடிச் சென்றதோ பழைய எனாமல் பாத்திரங்களை!

இரும்புத் தகட்டின்மீது கண்ணாடித் தூளைப் பூசி, ஏறக்குறைய 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் படியவைப்பதே எனாமல். வெள்ளை உடலும் நீல விளிம்புமாக நம் அடுக்களைகளில் விளங்கிய அவற்றை, அலுமினியமும் எவர்சில்வரும் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் நிலைக்குத் தாழ்த்திவிட்டன.

மூதாட்டி ஒருவர் வீட்டில் அத்தகைய கோப்பையொன்றைக் கண்டு விலை கேட்டேன்.

"இது விக்கிறதுக்கில்லைத் தம்பி."

1990 இல் போருக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடியவர் அவர். பல்லாண்டு கழிந்து மீண்டபோது வீட்டிற் கூரையுமில்லை, கதவுமில்லை. பித்தளையெல்லாம் போயிற்று, எனாமலை யார் எடுப்பார்? கிணற்றடி மண்ணிற் புதைந்து இது மட்டும் கிடந்ததாம்.

பித்தளைச் செம்பிலே பெயர் வெட்டலாம். எனாமலில் உளி பட்டாற் பூச்சுத் தெறித்துவிடும். பின் தமதென்று எங்ஙனம் அறிந்தார்?

விளிம்பிற் பூச்சுப் பெயர்ந்து கறுத்திருந்த இடத்தைத் தடவிக் காட்டினார்.

"மூத்தவன் தவழுற வயசிலை எறிஞ்சது."

மூத்தவர் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் கோப்பையைக் கழுவித் துடைத்து, அதிலேயே எனக்குப் புழுக்கொடியல் வைத்துத் தந்தார்.