சாயங்காலம் இறங்கின கண் இமை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம கோயில்ல வெள்ளிக்கிழமை பூ கட்ட வர்ற தங்கச்சி ஒருத்தர். வயசு முப்பதுக்குள்ள. அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன், பெயர் வேண்டாம்.

போன ஆடி மாசம் காலையில வரும்போது நல்லா இருப்பார். சாயங்கால பூஜைக்குள்ள ஒரு கண் இமை பாதி இறங்கிடும். கையைத் தூக்கி மாலையை மாட்ட முடியாது. "ராத்திரி எல்லாம் போன் பார்த்தா இப்படித்தாம்மா" என்று எல்லார் முன்னாடியும் சொன்னவன் நான்தான். சிலர் கண் திருஷ்டி என்றார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம்.

எதைப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டாகத் தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மயஸ்தீனியா கிராவிஸ் என்றார்கள். நரம்பு அனுப்புற செய்தியைத் தசை வாங்கும் இடத்தை, நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே தாக்கிடுது. காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற கதை. வேலை செய்யச் செய்ய பலம் குறையும், ஓய்வெடுத்தா திரும்பும். சோம்பல் இல்லை.

இந்த நோய் நாற்பது வயசுக்குள்ள பெண்களுக்குத்தான் அதிகம். அறுபதுக்கு மேல ஆண்களுக்கு அதிகம். மூளை, தண்டுவடத்தைத் தாக்குற எம்.எஸ். நோயும் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு கூடுதல். ஆனா கில்லான்-பாரே என்கிற நரம்பு நோய் ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஹார்மோனுக்கும் எக்ஸ் குரோமோசோமுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள்.

1934ல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர் ஓர் ஊசி போட்டு, இறங்கின இமையைத் தூக்கிக் காட்டினார். அந்த வழியில் வந்த மாத்திரையைத்தான் தங்கச்சி இப்போ சாப்பிடுறார்.

ஃபேக்டரியில மெஷின் சத்தம் மாறினா உடனே நிறுத்திப் பார்க்கிறவன் நான். ஒரு பொண்ணு சோர்ந்து நின்னப்ப, என்னன்னு கேட்காம குத்திப் பேசினேன். போன வாரம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்று சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கிடுச்சு.

வீட்டுல யாருக்காவது இமை இறங்கினா, பார்வை ரெண்டாத் தெரிஞ்சா டாக்டரிடம் காட்டுங்க. முழுங்கவோ மூச்சு விடவோ சிரமம்னா உடனே அவசரப் பிரிவுக்குப் போங்க. ஐம்பது தாண்டின அண்ணன்மார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். வேண்டுதல் வைப்போம், வைத்தியமும் பார்ப்போம்.

இப்போ அவர் காலையில நாற்காலியில உட்கார்ந்து பூ கட்டுறார். மாலையைத் தூக்கி மாட்டுறது என் வேலை.

அம்மன் துணை.