பம்பை ஒலித்த கைபேசி

நுழையும்முன்

கையில் இருக்கும் கைபேசி நம்முடையது. அதனுள் இயங்கும் மென்பொருள் யாருடையது? விலை கொடுத்து வாங்கிய பொருள் எந்த ஒலியை எழுப்ப வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்கு உண்டு? ஓர் இளைஞர் இழந்த முப்பது நொடி ஒலியின் வழியே இவ்வினாக்களை எழுப்புகிறது இக்கட்டுரை.

தந்தையின் ஒலி

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்த சிற்றூரில் பிறந்த இளைஞர் ஒருவர் பெங்களூருவில் வேலை பார்த்துவந்தார். மழை பொய்த்த ஆண்டுகளில் அவ்வூரார் பலரும் பிழைப்புத் தேடிச் சென்ற நகரம் அது. அவருடைய தந்தை மாரியம்மன் திருவிழாக்களில் பம்பை அடிப்பவர். இணைத்துக் கட்டிய இரட்டை முழவை இடையில் கட்டிக்கொண்டு அவர் குச்சியால் அடிக்கத் தொடங்கினால், தூங்கும் குழந்தையும் விழித்துக்கொள்ளும்.

ஒரு திருவிழா இரவில் தந்தையின் வாசிப்பை மகன் தம் கைபேசியில் பதிவுசெய்தார். அதில் முப்பது நொடியை வெட்டியெடுத்து, ரிங்டோன் என்று எல்லாரும் சொல்லும் அழைப்பொலியாக அமைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு தந்தை காலமானார். பம்பை வீட்டுச் சுவரில் தொங்கியது. அதன் ஒலி மகனுடன் பெங்களூருவில் இருந்தது.

ஒருநாள் நெரிசல் மிகுந்த நகரப் பேருந்தில் அந்தக் கைபேசி ஒலித்தது. முன்னிருக்கையில் இருந்த முதியவர் சட்டெனத் திரும்பினார்.

“தம்பி, இது எங்க பக்கத்துப் பம்பை ஆச்சே! எந்த ஊருப்பா?”

“பாலக்கோடு பக்கங்க, ஐயா. எங்க அப்பா அடிச்சது.”

அதன்பின் இருவரும் இறங்கும்வரை ஊர்க்கதை பேசினர். முன்பின் அறியாத இருவரை ஓர் ஒலி உறவாக்கிவிட்டது.

ஓர் இரவில் நேர்ந்தது

சில மாதங்கள் கழித்துக் கைபேசித் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றியது. புதிய மென்பொருள் ஆயத்தமாக உள்ளது. பாதுகாப்பு மேம்படும் என்றது அது. எல்லாரையும் போல அவரும் ‘ஏற்கிறேன்’ என்பதைத் தொட்டுவிட்டு உறங்கினார். மறுநாள் கைபேசி பலமுறை ஒலித்தது. அறையில் உடன் தங்கியிருந்தவர்களின் கைபேசி என்று எண்ணி அவர் எடுக்கவில்லை. மாலையில் தாயின் குரலில் வருத்தம் இருந்தது.

“நாலு வாட்டி போன் போட்டேன் கண்ணு, எடுக்கவே இல்லையே?”

அதன்பிறகே அவர் அமைப்புகளைத் திறந்து பார்த்தார். நிறுவனம் தந்த ஒலிகள் வரிசையாக இருந்தன. அவர் சேர்த்த ஒலி அவ்வரிசையில் இல்லை. பதிவு அழியவில்லை, இசைக்கோப்பாகத் திறந்தால் தந்தையின் பம்பை முழங்கியது. ஆனால், அதனை அழைப்பொலியாக வைக்கக் கைபேசி இடம் தரவில்லை. எழுதிக் கேட்டபோது, புதிய பதிப்பில் அவ்வசதி இல்லை என்ற ஒற்றை வரியே விடையாக வந்தது.

ஏழு பொத்தான்களும் ஏழு சுரங்களும்

அழைப்பொலியைத் தாமே ஆக்கிக்கொள்ளும் வழக்கம் இவ்விளைஞரோடு தொடங்கியதன்று. 1999இல் வெளிவந்த நோக்கியா 3210 கைபேசியில் மெட்டு அமைக்கும் வசதி இருந்தது. ஒன்று முதல் ஏழு வரையுள்ள பொத்தான்கள் ஏழு சுரங்களாயின. எட்டும் ஒன்பதும் சுரத்தின் கால அளவைக் குறைக்கவும் கூட்டவும் பயன்பட்டன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்குப் பெயரிட்ட தமிழருக்கு அது அயலான கணக்கன்று. இசை பயிலாத இளைஞர்களும் தாளில் எண்களை எழுதிப் பகிர்ந்து, தமக்குப் பிடித்த மெட்டைக் கைபேசியில் எழுப்பினர். பின்னர் ஒலிப்பதிவையே அழைப்பொலியாக்கும் கைபேசிகள் வந்தன. ஊர்ப்புறத்துக் கோவில் மேளமும் மழலைச் சொல்லும் கைபேசியில் இடம்பெற்றன.

மூடிய வாயில்

மக்கள் ஆக்கிய அழைப்பொலிக்கும் நிறுவனத்தின் மென்பொருளுக்கும் இடையே நேர்ந்த பெரிய மோதல் 2007ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 29 அன்று அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. செப்டம்பரில் அந்நிறுவனம் அழைப்பொலி விற்பனையை அறிவித்தது. அதன் இணையக் கடையில் 99 சென்ட் கொடுத்துப் பாடலை வாங்கியவர், மேலும் 99 சென்ட் கொடுத்தால் அப்பாடலில் முப்பது நொடியை அழைப்பொலியாக வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பாடல்களுக்கும் அது பொருந்தவும் இல்லை.

பயனாளர்கள் விரைவில் ஓர் எளிய வழியைக் கண்டறிந்தனர். ஒலிக்கோப்பின் பெயரில் இறுதியாக உள்ள ‘எம்4ஏ’ என்பதை ‘எம்4ஆர்’ என்று மாற்றினால், ஐடியூன்ஸ் மென்பொருள் அதனை அழைப்பொலியாக ஏற்றுக்கொண்டது. ஓர் எழுத்து மாற்றமே போதுமானதாக இருந்தது. சில நாள்களில் ஐடியூன்ஸின் புதிய பதிப்பு அவ்வழியை அடைத்தது. மக்கள் வேறு வழி கண்டனர். அடுத்த பதிப்பு அதனையும் அடைத்தது. செப்டம்பர் 27 அன்று கைபேசிக்கே 1.1.1 என்னும் புதுப்பிப்பு வந்தது. வெளி மென்பொருள்களின் துணையால் வைத்த அழைப்பொலிகள் அதன்பின் இயங்கவில்லை. கட்டு நீக்கி வேறு தொலைபேசி நிறுவனங்களின் சேவையில் பயன்படுத்திய கைபேசிகள் சில முற்றிலும் முடங்கின.

அதே புதுப்பிப்பு, இணைய உலாவியிலும் மின்னஞ்சலிலும் இருந்த பாதுகாப்புக் குறைகளைத் திருத்தியதும் உண்மை. இச்சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. காப்பதும் பறிப்பதும் ஒரே பொட்டலமாக வருகின்றன. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கப் பயனாளருக்கு வழி இல்லை. புதுப்பிக்காமல் விட்டால் திருடர்க்குக் கதவு திறந்திருக்கும். புதுப்பித்தால் தம் வீட்டின் ஓர் அறை பூட்டப்பட்டுவிடும்.

உரிமையும் எல்லையும்

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பாடலை இயற்றியவர், இசைத்தவர், பாடியவர் ஆகியோரின் உழைப்புக்கு ஊதியம் கிடைக்க வேண்டும். பிறர் பாடலை நகலெடுத்து விற்பது தவறு. ஆனால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டிற்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வதற்கு இடமளிக்கிறது. விற்பனைக்கும் சொந்தப் பயனுக்கும் இடையே சட்டம் காணும் வேறுபாட்டை மென்பொருள் காண்பதில்லை. பாலக்கோட்டு இளைஞர் எவருடைய பாடலையும் எடுத்தவர் அல்லர். அந்த வாசிப்புக்கு உரிமை கோரத்தக்கவர் ஒருவர் உண்டெனில் அவர் அந்தத் தந்தையே.

தருமபுரி நிலப்பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரை காத்து உயிர்நீத்த எளிய வீரர்க்கும் அங்கு ஊரார் கல் நட்டனர். தம்மவரைத் தாமே நினைவில் நிறுத்தும் அந்த மரபில் வந்தவர்க்கு முப்பது நொடிப் பம்பையொலியும் ஒரு நடுகல்லே. அதனை எங்கே நிறுத்துவது என்பதைத் தொலைவில் உள்ள அலுவலகம் ஓர் இரவில் முடிவுசெய்தது.

மூடிய வாயில்கள் மீண்டும் திறப்பதும் உண்டு. 2025இல் வெளிவந்த ஐஓஎஸ் 26, ஐபோனில் உள்ள சிறிய ஒலிக்கோப்பை நேரடியாக அழைப்பொலியாக வைக்க இசைவளித்தது. இடைப்பட்ட ஆண்டுகள் பதினெட்டு. எழுத்தை மாற்றிய அன்றே இயன்ற ஒன்றுக்கு இத்தனை ஆண்டுகள் ஆனதைக் கருதினால், தடை கருவியின் இயலாமையால் வந்ததன்று என்பது விளங்கும். அது ஒரு முடிவு. முடிவுகளைக் கேள்வி கேட்கலாம், மாற்றவும் செய்யலாம்.

பாலக்கோட்டு இளைஞர் தம் ஒலிப்பதிவைக் கணினியிலும் நினைவட்டையிலும் தங்கையின் கைபேசியிலும் படியெடுத்து வைத்தார். புதுப்பிப்பு அறிவிப்பு வரும்போதெல்லாம், அது எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று முழுவதும் படித்த பின்னரே தொடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். அமைப்புகளை ஒவ்வொன்றாகத் துழாவியபோது மற்றொன்றும் தெரியவந்தது. அழைப்பொலிக்கு மூடிய கைபேசி, காலையில் எழுப்பும் அலாரத்திற்குச் சொந்த ஒலியை ஏற்றுக்கொண்டது. தந்தை உயிரோடு இருந்தவரை விடியல் ஐந்து மணிக்கு மகனைத் தட்டியெழுப்புவது வழக்கம். இப்போதும் பெங்களூருவின் அந்தச் சிறிய அறையில் ஐந்து மணிக்குப் பம்பை முழங்குகிறது.