கந்தையில் பூத்த காந்தா

வாப்பும்மா விட்டுச் சென்ற பெட்டகத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு பழைய போர்வை கிடக்கும். ஓரம் நைந்திருக்கும், தையல் விட்டிருக்கும், இலவம் பஞ்சு ஒரு மூலையில் கட்டிபட்டிருக்கும். விரிக்கவும் முடியாது, வீசவும் மனம் வராது. கடைசியில் மோட்டார் சைக்கிள் துடைக்கும் துணியாகிவிடும். இந்த விடயத்தில் நமக்குப் பாடம் சொல்லித்தரக் கூடிய நாடு பங்களாதேஷ். வாருங்கள் சகோதரிகளே, அங்கே ஒரு நடை போய் வருவோம்.

டாக்காவிலிருந்து சிட்டகொங் போகும் வீதியில் சுமார் முப்பது கிலோமீற்றர் சென்றால் சோனார்கான். வங்க சுல்தான்களின் பழைய தலைநகர்களில் ஒன்று. 1344இல் நமது நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, இரண்டு வருடங்கள் கழித்து இந்தச் சோனார்கானில்தான் கப்பலேறினார். அப்போது அது ஆற்றங்கரைத் துறைமுகம். இப்போது குளங்களும் மாமரங்களும் இடிந்த மாடி வீடுகளும் நிறைந்த அமைதியான ஊர்.

அங்கே ஒரு நாட்டார் கலை நூதனசாலை இருக்கிறது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கறுப்பு மையில் வரைந்து உலகறியச் செய்த ஓவியர் ஜைனுல் ஆபிதீனின் முயற்சியால் 1975இல் உருவானது. அங்குள்ள மண்பாண்டம், மரச்செதுக்கல் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேராக நக்ஷி காந்தாக்கள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

காந்தா என்பது வேறொன்றுமில்லை, கந்தைதான். நமது 'கந்தை'யும் அவர்களது 'காந்தா'வும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்த சொற்கள். உடுத்துத் தேய்ந்த பருத்திச் சேலைகள், சாரங்கள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, சுற்றிவர ஓரம் தைத்து, பிறகு நடுவெல்லாம் சிறு ஓட்டுத்தையல் போடுவார்கள். நூல் கூட அந்நாளில் கடையில் வாங்கியதல்ல. சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்த சிவப்பு, நீல நூல்தான். ஆயிரக்கணக்கான தையல்கள் சேரும்போது துணி முழுவதும் தண்ணீர் அலை போல மெல்ல நெளிந்து நிற்கும். அந்த நெளிவுதான் காந்தாவின் அழகு என்பேன். மேலே உள்ள பூவும் கொடியும் அதற்குப் பிறகுதான்.

மாரி காலத்தில் வெளி வேலை ஓய்ந்த பகல்களில் தைப்பது வழக்கம். ஒன்றை முடிக்க மாதங்கள் செல்லும். வாப்பும்மா தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு. தைத்தவரின் பெயர் அநேகமாக எதிலும் இல்லை. கவிஞர் ஜஸீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாத்' என்ற காவியத்தில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கையையே ஒரு காந்தாவில் தைத்து, அதைத் தன் கப்ரின்மேல் விரிக்கும்படி தாயிடம் கேட்கிறாள்.

முஸ்லிம் வீடுகளின் காந்தாக்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உருவங்கள் பெரும்பாலும் இல்லை. இலை, கொடி, நட்சத்திரம், பிறை. தொழுகை விரிப்பாகத் தைத்த 'ஜாய்நமாஸ்' காந்தாவில் மிஹ்ராப் வளைவு இருக்கும். குர்ஆனைப் பொதிந்து வைக்க உறை போலத் தைத்தது 'கிலாஃப்'. சாப்பாட்டு விரிப்புக்கு 'தஸ்தர்கான்'. உடுத்துத் தேய்ந்த சேலை இந்த இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பிறக்கப் போகும் பிள்ளைக்கும் பழந்துணிக் காந்தாவே தைப்பார்கள். பெரியவர்களின் துணி கண்ணூறு படாமல் காக்கும் என்று சிலர் சொல்வார்கள். காப்பவன் அல்லாஹ் ஒருவனே. நூறு தடவை தோய்த்த பருத்திக்கு ஈடான மென்மை புதுத்துணியில் இல்லை என்பதே எனக்குப் போதுமான காரணம்.

சரி, காந்தாவும் நைந்துபோனால்? வங்கத்துப் பெண்கள் அதை எறிவதில்லை. மேலொரு சேலை, கீழொரு சேலை வைத்து, பழையதை நடுவில் விட்டு மறுபடி தைத்துவிடுகிறார்கள். பழையது புதியதன் வயிற்றுக்குள் இருந்து சூடு கொடுக்கிறது. இதை நாமும் செய்யலாம். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு மார்கழிக் குளிருக்கு உதவும்.

கத்தரிக்கோல் எடுக்குமுன் ஒரு விடயம். மௌத்தானவர் விட்டுச் சென்றது போர்வையானாலும் வாரிசுகள் அனைவரினதும் சொத்து. மாமிமாரிடமும் சாச்சாமாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு, "எனக்கும் ஒரு துண்டு வைத்திருக்கலாமே" என்று ஒருவர் கண்கலங்கினால் ஒட்ட வைக்க முடியாது.

பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போர்வை முழுவதும் ஒரேயடியாக நைவதில்லை. முகத்தருகே இழுத்துப் போர்த்தும் ஓரம்தான் முதலில் போகும். அது மட்டுமென்றால் புதுக்கரை வைத்துத் தைத்தால் போதும். பெருவிரலால் மெல்ல அழுத்தும்போதே துணி கிழிந்தால் அதை மெஷினில் போடாதீர்கள், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். பஞ்சு வைத்ததை நனைக்காமல், துணி போர்த்திச் சற்று நேரம் வெயில் காட்டி எடுங்கள். நல்ல பகுதிகளை மட்டும் வெட்டி, பின்னால் மெல்லிய பருத்தி கொடுத்து, ஒரு தலாணி உறை, ஒரு குர்ஆன் உறை, ஒரு முஸல்லா என்று பிள்ளைகளுக்குப் பங்கிடலாம்.

வெட்ட மனமில்லாமல் அப்படியே வைப்பவர்கள் பொலித்தீனில் சுற்றாதீர்கள். நமது காலநிலையில் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தோய்த்த வெள்ளைத் துணியில் மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்துத்தான் ஆகவேண்டுமென்றால், ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கு வீடு ஒழுங்குபடுத்தும்போதும் எடுத்து உதறி, மடிப்பை இடம் மாற்றி வையுங்கள். துணி முதலில் விட்டுக்கொடுப்பது அந்த மடிப்புக் கோட்டில்தான்.