வெள்ளம் உண்டோ சாரே?

வீடு வாங்கப் போற நம்மூர்க்காரங்க என்கிட்ட வர்றப்ப ஒரு பெரிய கவரை மேஜை மேல வெச்சுட்டு, "பேப்பர் எல்லாம் கிளியர்தானே அண்ணே?"ன்னு கேட்பாங்க. பி.காம் படிச்சவன், பேங்க்ல ஹவுசிங் லோன் பார்க்கிறவன், இவனுக்குத் தெரியாததா என்கிற நம்பிக்கை. மன்னார்குடியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த புதுசில எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது :-)

பேப்பர் விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். இங்க ரெவின்யூ ரெக்கார்டில் 'நிலம்'னு இருந்தா நம்ம ஊர் அர்த்தத்தில் எடுத்துக்காதீங்க. கேரளாவில் நிலம்னா நெல்வயல். வீடு கட்டற மனைக்குப் பேர் 'புரயிடம்'. 2008ல வந்த நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி வயல்களை எல்லாம் 'டேட்டா பேங்க்'னு ஒரு பட்டியல்ல ஏத்தியிருக்காங்க. அதில் மாட்டின இடத்தை மலிவா கிடைக்குதேன்னு வாங்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையறவங்க உண்டு. மத்தபடி ஆதாரம் (பத்திரத்துக்கு இங்க அதான் பேர், கார்டு இல்லை), கரம் கட்டின ரசீது, வில்லங்கச் சான்று எல்லாத்தையும் வக்கீல் பார்த்துப்பார்.

தெருவை யார் பார்க்கிறது?

2022 பிப்ரவரியில் ஒரு ஃபைல் வந்தது. மதுரைக்காரர், டெக்னோபார்க்கில் வேலை. மனைவி, ஒரு பையன், கூட மாமியார். கௌரீசபட்டம் பக்கம், பட்டம் தோட்டுக்குக் கிட்டத்துல ஒரு இடவழிக்குள்ள வீடு. (தோடுன்னா இங்க ஓடை. காதுல போடறது இல்லை.) ஊர் நடுவில், அவங்க பட்ஜெட்டுக்குள்ள. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போனேன். நல்ல வெயில்.

அங்க பார்த்ததை எல்லாம் இப்ப வரிசையா சொல்ல முடியும். வீட்டுக்கு வீடு வாசல்ல நாலு படி, அஞ்சு படி. எதிர்வீட்டு மோட்டார் இடுப்பு உயர மேடை மேல. கரண்ட் மீட்டர் தலைக்கும் மேல. ஒரு வீட்டு கேட்டுக்கு ரெண்டு பக்கமும் பலகை சொருகற மாதிரி இரும்புப் பட்டி. நாங்க போன வீட்டுக்கு மட்டும் ரெண்டே படி. "வயசானவங்களுக்கு ஏறி இறங்க சௌகரியம்"னு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

மதுரைக்காரர் கேட்கத்தான் செஞ்சார். புரோக்கரைப் பார்த்து, "இங்க வெள்ளம் வருமா?"ன்னார். மலையாளத்தில் வெள்ளம்னா தண்ணி, குடிக்கிற தண்ணி. புரோக்கர் முகமெல்லாம் சிரிப்பா, "வெள்ளமோ? இஷ்டம் போல உண்டு சாரே! கிணறும் உண்டு, பைப்பும் உண்டு"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மலையாளம் தெரியும். கேள்வி என்ன, பதில் என்னன்னு தெரிஞ்சும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். வேல்யூவேஷன் ரிப்போர்ட்டில் 'அடிக்கடி நீரில் மூழ்கும் வாய்ப்பு உண்டா'ன்னு ஒரு காலமே இருக்கு. அதில் 'இல்லை'ன்னு அடிச்சிருந்தது. கீழே என் கையெழுத்து.

2023 அக்டோபர் 15, ஞாயித்துக்கிழமை. ராத்திரி முழுக்க கொட்டின மழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம், கழக்கூட்டம்னு ஊர்ல பாதி தண்ணியில். காலைல அவர் போன் பண்ணினார். "சார், கட்டில் வரைக்கும் வந்துடுச்சு. மாமியாரை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டோம். மாத்திரை எல்லாம் கீழே மாட்டிக்கிச்சு." கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

அப்புறம்தான் இந்த ஊரைப் படிச்சேன். திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமா இருக்கிற ஊர். மேட்டுல விழற மழை பட்டம் தோடு, உள்ளூர் தோடு, ஆமையிழஞ்சான் தோடு வழியா ஆக்குளம் காயலுக்குப் போய், வேளியில் கடலைச் சேரணும். அங்க கடல் வாயில் மணல் திட்டு ஒண்ணு அடைச்சு நிக்கும், 'பொழி'ன்னு சொல்வாங்க. மழைக்காலத்தில் அதை வெட்டி விடணும். வெட்டாம இருந்தாலோ, கடல் ஏறி இருந்தாலோ, எத்தனையோ தெரு தள்ளி ஒரு வீட்டுப் படிக்கட்டில் தண்ணி நிக்கும். எந்த லொக்கேஷன் ஸ்கெட்சில் வேளிப் பொழி வரும், சொல்லுங்க? ஊர்ப் பேர்களே பாதி கதை சொல்லிடும். கோணம், ஏலா, சிறைன்னு முடிஞ்சா ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. குன்னுக்குழின்னே ஒரு இடம் இருக்கு, மேடா பள்ளமான்னு நீங்களே பார்த்துக்குங்க :-)

இப்பல்லாம் யார் கூப்பிட்டாலும் வெயில்ல போறதில்லை. துலாவர்ஷத்தில், ஐப்பசி மழை நல்லா பிடிச்ச சாயங்காலம், செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டு போறோம். அடுத்த நடை காலைல ஆறு மணிக்கு. விளப்பில்சாலை குப்பைக் கிடங்கு 2011ல மூடினதிலிருந்து மக்கற குப்பையை அவங்கவங்க வீட்லயே பார்த்துக்கணும். பிளாஸ்டிக்கை எடுக்க ஹரித கர்ம சேனை பெண்கள் வருவாங்க. தெரு ஒழுங்கா பண்ணுதா இல்லையான்னு முக்குல கட்டிப் போட்ட கவர்களும் அதைச் சுத்தற நாய்களும் சொல்லிடும். கிணத்துக்கும் பக்கத்து வீட்டு செப்டிக் குழிக்கும் நடுவில் ஏழரை மீட்டர் இருக்கான்னு காலால அளந்து பாருங்க. அப்படியும் கிணத்துத் தண்ணியை லேப்ல கொடுக்காம குடிக்காதீங்க. குழாய்த் தண்ணியையும் முழுசா நம்ப வேண்டாம், 2024 செப்டம்பரில் ரயில் பாதை வேலைக்காகக் குழாயை மாத்தப் போய் ஊர்ல பெரும்பகுதி நாலஞ்சு நாள் தவிச்சது.

ஆற்றுகால், மணக்காடு பக்கம் வாங்கறவங்க கேட்டா மட்டும் வேற பாட்டு பாடுவேன். பொங்காலை அன்னிக்கு உங்க வாசல், திண்ணை, கேட்டுக்கு வெளியே எல்லாம் முன்னபின்ன தெரியாத பெண்கள் செங்கல் அடுப்பு வெச்சிருப்பாங்க. காரை எடுக்க முடியாது. உங்க குழாய்த் தண்ணியும் பாத்ரூமும் அவங்களுக்கும்தான். தங்கமணிக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இந்த ஊர் சொந்த ஊர் மாதிரி இருக்குமாம்.

போன வாரம் ஒரு திருநெல்வேலித் தம்பதி. வாய்க்கால் ஓரமா வீடு, மார்க்கெட்டை விட நல்லாவே குறைச்ச விலை. மழையில் போனோம். தெரு முனை வீட்டு அம்மச்சியிடம், "மழை பெய்தால் வெள்ளம் அகத்து கேறுமோ?"ன்னு கேட்டேன். கேறுமோங்கிற வார்த்தை முக்கியம். அவங்க ஒண்ணும் பேசாம புடவையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைத் தொட்டுக் காட்டினாங்க. புரோக்கர் குடையை மடக்கி மடக்கி விரிச்சுக்கிட்டிருந்தார்.

திரும்பி வர்றப்ப அந்தத் தம்பி, "அண்ணே, கூட மூணு படி கட்டிக்கிட்டா ஆகாதா? இந்த விலைக்கு வேற எங்க கிடைக்கும்?"னான். மதுரைக்காரரும் இதையேதான் நினைச்சிருப்பார். இன்னிக்கு அவர் விக்கலாம்னு போட்டா கேட்கிற விலைக்கு ஆள் வர்றதில்லை. ஆனா ஒரு மாச இ.எம்.ஐ கூட தவறினது இல்லை. எங்க கணக்குல அது 'ஸ்டாண்டர்டு அசெட்'. ஆடிட்ல ஒரு கேள்வி வந்தது கிடையாது.

ரெண்டு வருஷமா அவரை பிராஞ்ச்ல பார்த்தா உள்ளே நகர்ந்துடுவேன். நேத்து நானே கூப்பிட்டேன். "ஒரு சின்னப் பிள்ளைக்கு உங்க வீட்டைக் காட்டணும், வரலாமா?"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வாங்க சார். சுவர்ல தண்ணி நின்ன கோடு அப்படியே இருக்கு. பெயிண்ட் அடிச்சாதான் போகும்னு புரோக்கர் சொல்றார், மாமியார் விட மாட்டேங்கறாங்க"ன்னார்.

ஞாயித்துக்கிழமை காலைல போறோம்.